மேனேஜருக்கும் பூட்டு

எண்பதுகளின் கடைசியில் ஒரு சாரல் காலம். தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாயங்கால பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"மேனேஜரைப் பூட்டிட்டேன்க்கா" என்றாள் இளையவள்.

"ஏட்டி, எங்கன வச்சு?"

"கம்ப்யூட்டர்லக்கா."

மில் ஆபீசுக்குப் புதிதாக வந்த கம்ப்யூட்டரில், யார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று ரிப்போர்ட் எடுக்க அவள் மூன்று வாரமாகப் படித்திருக்கிறாள்.

"நான் போட்ட நேரத்தை யாரும் மாத்தக் கூடாது, பாக்க மட்டும்தான் முடியணும்னு அவருதான் சொன்னாரு. ஆளாளுக்கு அப்படியே பாஸ்வேர்டு வச்சுக் குடுத்தேன். முதல் ரிப்போர்ட்டைப் பாத்தா, தினமும் லேட்டா வாரது அவரு ஒருத்தருதான்."

"அய்யய்யோ!"

"அவரே உக்காந்து மாத்தப் பாத்தாரு. மிஷினு விடல. என்னைக் கூப்பிட்டு, 'எனக்குமா?'ன்னு கேட்டாரு. 'யாரும்னு சொன்னீங்களே சார்'னேன். எந்திரிச்சுப் போயிட்டாரு."

"வேலைக்கு உலை வச்சுட்டியேட்டி."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். இன்னைக்குக் காலையில போகுதேன், ஆபீஸ் இன்னும் திறக்கல. மனுசன் தூக்குச்சட்டியோட வாசல்ல நிக்காரு. 'ஏழு அம்பது, போட்டுக்கோம்மா'ங்காரு."