ஆறாவது இதழ்

தாளில் அழகாக இருக்கிற கொடி கம்பத்தில் ஏறினதும் கந்தல் துணியாகத் தெரியும். இதைப் பலர் யோசிப்பதில்லை. கொடி ஆடும், மடியும். ஆட்கள் தூரத்தில் நின்றுதான் பார்ப்பார்கள். எங்கள் குளத்தடி வட்டாரத்துக் கொடியை நான் அந்தக் கண்ணோடுதான் திருத்திக் கொடுத்தேன். அதை வரைந்த தர்ஷன் இப்போது மறியலில், கம்பிக்குப் பின்னால் இருக்கிறான். நான் வீட்டில் இருக்கிறேன்.

கிளிநொச்சி டவுனில் பிரதான வீதிக்குப் பின்னால் ஆறு ஒடுங்கின ஒழுங்கைகள், அதுதான் எங்கள் வட்டாரம். இடம்பெயர்ந்து வந்து குந்தினவர்கள், மலையகத்திலிருந்து வந்து இங்கேயே பேரப்பிள்ளை கண்டவர்கள், கடை வைத்திருக்கிற நஜீமின் குடும்பம் என்று எல்லாரும் கலந்து இருக்கிறோம். உதைபந்தாட்டப் போட்டிக்கு மற்ற வட்டாரங்கள் கொடியோடு வந்தன; எங்களுக்கும் ஒன்று வேண்டுமென்று இளசுகள் நின்றார்கள். நான் ஓய்வுபெற்ற ஆசிரியர், சனசமூக நிலையத் தலைவர். வீரபாகு மாஸ்ரர் என்றால் நண்டுசிண்டுக்கும் தெரியும். சம்மதித்தேன்.

தர்ஷன் விளம்பரப் பலகை எழுதுகிறவன், என்னிடம் படித்தவன். பச்சைத் துணியில் ஒரு பூவரசம்பூ வரைந்து கொண்டுவந்தான். எங்கள் வேலியெல்லாம் பூவரசுதான். அது எந்தச் சாமிக்கும் உரிய பூ இல்லை, ஆருக்கும் குறை வராது என்று நஜீமே முதலில் கைதட்டினார். தர்ஷன் கெட்டிக்காரன்தான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் சொல்லவேண்டும். புலனாய்வுக்காரர் இரண்டு பேர் சிவில் உடுப்பில் இடைக்கிடை என்னோடு கதைக்க வருவார்கள். வெளிநாட்டிலிருந்து ஆர் வந்தது, ஆர் வீட்டில் ஆர் தங்கியது, இப்படிப்பட்ட கதைதான். எப்படியும் ஒருவர் சொல்லத்தான் போகிறார். மரியாதை தெரிந்த ஒருவர் சொல்லுவது ஊருக்கு நல்லது என்பது என் எண்ணம். ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி உண்டோ? ஆரோ காட்டிக்கொடுக்கிறான் என்று ஒழுங்கைக்குள் குசுகுசுப்புத் தொடங்கியிருந்தது. எதிர்ப்பட்டவரெல்லாம் என் முகத்தை இன்னொரு முறை பார்ப்பதுபோல எனக்குப் பட்டது. ஆள் தெரிந்தால் அதன்பிறகு எனக்கு அங்கே ஒரு வாய்த் தண்ணீர் கிடையாது.

அந்த நேரத்தில்தான் மாங்குளத்தில் அந்த இரண்டு பேருடைய வாகனத்திலிருந்து நான் இறங்கியதைத் தர்ஷன் கண்டான். ஒரு தேத்தண்ணிக் கடைக்குப் பெயர்ப்பலகை பூட்டிக்கொண்டு நின்றவன்.

"என்ன மாஸ்ரர், இந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். வேறொன்றும் கேட்கவில்லை.

அந்தச் சிரிப்பு என்னைப் படுத்தின பாடு கொஞ்சமில்லை. கேட்டிருந்தால் ஒரு பதில் சொல்லியிருப்பேன். வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறவனை எப்படி நம்புவது? நாளைக்கு எங்கே அவிழ்த்துவிடப் போகிறான் என்று ஆருக்குத் தெரியும்?

பிறகுதான் நான் கொடியைக் கவனமெடுத்துப் பார்த்தேன். பூவரசம்பூவுக்கு இதழ் ஐந்து. நமக்கு ஒழுங்கை ஆறு, ஆறாவது ஒழுங்கைக்காரர் கோபிக்கமாட்டார்களா, இன்னொரு இதழ் போடு என்றேன். போட்டான். பூவரசம்பூ பொழுதுபட்டால் சிவக்கும்தானே, மஞ்சள் மட்டும் போட்டால் எடுப்பாக இராது, நுனியைச் சிவப்பாக்கு என்றேன். ஆக்கினான். இதழ் அகலமாக இருந்தால் காற்றில் அப்பிக்கொள்ளும், ஒடுக்கி மேலே வளைத்துவிடு என்றேன். அப்போதுதான் அவன் கை நின்றது.

"மாஸ்ரர், இது கார்த்திகைப்பூ மாதிரியெல்லோ தெரியுது. பிரச்சினை வராதே?"

"பூவரசம்பூ பூவரசம்பூதான் தம்பி. நான் இருக்கிறன், பயப்பிடாதை."

நான் அவனை வற்புறுத்தவில்லை. ஒவ்வொரு திருத்தத்துக்கும் நியாயம் இருந்தது. கொடியேற்றத்துக்கு நவம்பர் கடைசிக் கிழமையைக் குறித்ததும் நான்தான். வெளியூரில் வேலை செய்கிறவர்களுக்கு அப்போதுதான் லீவு என்றேன். போரில் செத்த இயக்கத்துப் பிள்ளைகளுக்காக விளக்கேற்றுகிற கிழமை அது. அந்தக் கிழமையில் இங்கே சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து ஒரு கயிற்றில் காய்ந்தாலே ஆமி வாகனம் நின்று பார்த்துவிட்டுப் போகும். கார்த்திகைப்பூ என்கிற செங்காந்தள் என்றால் கேட்கவே வேண்டாம், அந்தப் பிள்ளைகளின் பூ அது.

கொடியேற்றத்தன்று எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். மதிலுக்கு மேலால் பார்த்தேன். ஆறு இதழும் தீ மாதிரி எழும்பி நின்றன. படம் எடுத்து அந்த இரண்டு பேருக்கும் அனுப்பினேன். மத்தியானத்துக்கு முதல் வந்து தர்ஷனை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆர் இந்தப் பூவைப் போடச் சொன்னது என்று திரும்பத் திரும்பக் கேட்டார்களாம். தானேதான் என்றானாம்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது அவனுடைய தாய் கமலேஸ்வரி. மறியலில் பிள்ளையைப் பார்த்துவிட்டு நேரே என்னிடம்தான் வந்தா. கதிரையில்கூட இருக்கவில்லை.

"உங்கடை பேரை அவன் சொல்லேல்லையாம். மாஸ்ரரைப் பயப்பிட வேண்டாமெண்டு சொல்லச் சொன்னவன். மாங்குளத்திலை உங்களை அவங்கடை வாகனத்திலை கண்டவனாம். மாஸ்ரரையும் பிடிச்சு விசாரிச்சு வெருட்டுறாங்கள் போலை, பாவம், ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையெண்டு அப்பவே எனக்குச் சொன்னவன்."

அந்தச் சிரிப்பின் கருத்து அதுதானாம். மனம் வலித்தது, மறைப்பானேன். அவன் நல்ல பிள்ளை. நான் படிப்பித்த பிள்ளையல்லவா? அவனை விடச்சொல்லி எழுதின மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. கமலேஸ்வரியும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதா.

அவா போனபிறகுதான் ஒன்று உறைத்தது. மாங்குளத்துக் கதை அவாவுக்கும் தெரியும். சொல்லமாட்டா என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் பிள்ளையை மறியலில் விட்டு நிற்கிற தாய். இன்றைக்குப் பாவம் என்பவா நாளைக்கு என்ன யோசிப்பா என்று எப்படிச் சொல்வது?

நேற்று அவாவின் வேலிப்பக்கம் போனேன். பூவரசு மரத்தைச் சுற்றி உண்மையான கார்த்திகைப்பூக் கொடி படர்ந்து, நிறையப் பூத்திருக்கிறது. மழைக்குத் தானாக முளைத்ததாக இருக்கும். நான் அதை நம்புகிறேன். ஆனால் ஆராவது வந்து கேட்டால், கண்டதைக் காணவில்லையென்று ஒரு வாத்தியார் எப்படிப் பொய் சொல்வது?