அசைந்தால் தெரியாது

மாலை ஏழு மணி. சிங்கப்பூரில், புக்கிட் மேராவில் ஒரு சாலை. இரண்டு பக்கமும் பழைய அடுக்குமாடி பிளாக்குகள், எல்லாம் இடிக்கப்போகிறவை. ஆள்கள் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். தெருவிளக்கு மட்டும் எரிகிறது. எந்த ஜன்னலிலும் வெளிச்சம் இல்லை... ஒன்பதாவது மாடியில் ஒரே ஒரு வீட்டைத் தவிர.

அந்த வீட்டில் இருந்தவன் ஸ்ரீராம். என்னோடு வேலை பார்க்கும் ரோஷினியின் அண்ணன். நான் சொல்லப்போவது எல்லாம் அவள் என்னிடம் சொன்னது. ஒரு படம் மட்டும் நானே பார்த்தது. யார் அங்கே டார்ச் அடிப்பது? அணைத்துவிடு. பாசிர் ரிஸ் கடற்கரையில் ஷாலே எடுத்து ராத்தங்கினால் பேய்க் கதை வேண்டும் என்று அடம்பிடித்தது நீங்கள்தான். நடுவில் பாத்ரூமுக்குத் துணை கேட்டால் நான் வர மாட்டேன்.

ஸ்ரீராம் போட்டோகிராபர். ஃபேரர் பார்க்கில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ. கல்யாணம், காதுகுத்து, கடைகளுக்கு விளம்பரப் படம். லென்ஸுக்கு முன்னால் திருகி மாட்டும் கண்ணாடி இருக்கிறதே, ஃபில்டர், அதில் அவனுக்குப் பைத்தியம். கீறல் விழாமல் காக்க ஒன்று. பளபளப்பைக் குறைக்க ஒன்று. இன்னொன்று கன்னங்கரேல் என்று இருக்கும், கூலிங் கிளாஸைவிடப் பல மடங்கு கறுப்பு. அதை மாட்டினால் வெளிச்சம் சொட்டுச் சொட்டாகத்தான் உள்ளே போகும். ஒரு படம் பதிய நாலு நிமிடம் பிடிக்கும். அந்த நேரத்தில் நடப்பது, ஓடுவது, அசைவது எதுவும் படத்தில் விழாது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லிட்டில் இந்தியா எப்படி இருக்கும்? கால் வைக்க இடமிருக்காது. அவன் அந்தக் கண்ணாடியை மாட்டி எடுத்தால் ஈ காக்கை இருக்காது. சுவர், தூண், நிறுத்தி வைத்த சைக்கிள்... நிற்பவை மட்டும்தான் தெரியும். கூட்டமில்லாமல் தங்கள் கடை முகப்பு வேண்டும் என்கிற முதலாளிகள் அவனைத்தான் கூப்பிடுவார்கள்.

அவன் மனைவி பெயர் சாமுண்டீஸ்வரி. வீட்டில் ஈஸ்வரி. ஒருநாள் தலைக்குக் குளித்துவிட்டு வரும்போது பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாள். அவன் ஒரு கல்யாணத்தில் இருந்தான். தாலி கட்டும் நேரம், போன் சைலண்டில். மகள் ரக்ஷனா, ஆறு வயசுப் பிள்ளை, பாத்ரூம் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு அப்பாவுக்குப் போன் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அவன் எடுத்தபோது எல்லாம் முடிந்துவிட்டது.

மாலை போட ஒரு படம் தேடினார்கள். ஊரில் உள்ள பெண்களையெல்லாம் அழகழகாக எடுத்தவன், கட்டிய மனைவியைத் தனியாக ஒரு படம் எடுத்து வைக்கவில்லை. கடைசியில் யாரோ வீட்டு வளைகாப்புப் படத்தில் ஓரமாகத் தட்டோடு நின்றவளை வெட்டிப் பெரிதாக்கினார்கள். முகம் மங்கல். கண் வேறு எங்கேயோ பார்க்கிறது. உடலைப் பார்த்து அழாதவன் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அழுதானாம்.

பிறகு அந்த பிளாக்கையும் இடிக்கப்போகிறார்கள் என்று ஆனது. ஒவ்வொரு குடும்பமாகப் போனார்கள். அவன் போகவில்லை. பூன் லேயில் இருக்கும் ரோஷினி, தன் வீட்டுக்கு வந்துவிடச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டே இருந்தாள். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போனான்.

அந்தச் சமயத்தில்தான் புதுசாக ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கியிருக்கிறான். மலிவு விலை. மலிவான கண்ணாடி படம் முழுக்க ஊதா பூசிவிடும். அதனால் வேலைக்கு எடுத்துப் போவதற்கு முன் வெள்ளைச் சுவரில் சோதித்துப் பார்ப்பது அவன் வழக்கம். வீட்டு வாசலிலேயே நீளமான காரிடார். பக்கத்து வீடுகள் எல்லாம் பூட்டு. கேமராவை முக்காலியில் வைத்து, ஷட்டரைத் திறந்து, நாலு நிமிடம் காத்திருந்தான். டக்... மூடியது.

பயந்தபடியே ஊதாதான். சுவர் ஊதா, கம்பி ஊதா, எதிர்க் கதவுப் பூட்டு ஊதா. நடுவில் ஈஸ்வரி. நைட்டி, தலையில் சுற்றிய துண்டு. அவள்மேல் மட்டும் ஊதா இல்லை. அவளுடைய சொந்த நிறம். மூக்குத்திக் கல் தெரிகிற அளவுக்குத் துல்லியம்.

நிமிர்ந்து பார்த்தான். காரிடாரில் யாரும் இல்லை. ஈர முடியிலிருந்து வருமே ஷாம்பூ வாசனை... அது மட்டும்.

பயந்து ஓடியிருந்தால் பிழைத்திருப்பான். அவன் சந்தோஷப்பட்டான்.

ஊதா பூசாத நல்ல கண்ணாடியாக வாங்கி மாட்டினான். வந்தாள். கறுப்பைக் கழற்றிவிட்டுக் கீறல் காக்கும் சாதாக் கண்ணாடியோடு எடுத்தான். வரவில்லை. மறுபடி கறுப்பு. வந்தாள். அதே இடம், அதே நிற்பு. கேமராவை நேராகப் பார்த்தாள். உயிரோடு இருந்தபோது எடுக்காத படத்தை ஒவ்வொரு சாயங்காலமும் எடுத்துக்கொண்டான்.

அதோடு விட்டானா? அவள் பக்கத்தில் தானும் நிற்க ஆசைப்பட்டான். டைமர் வைத்துவிட்டுப் போய் நின்றான். படத்தில் அவள் தெளிவாக இருந்தாள். அவன் இருந்த இடத்தில் ஒரு புகை. உயிருள்ளவனால் நாலு நிமிடம் அசையாமல் நிற்க முடியுமா? மூச்சு இருக்கிறது, இமை இருக்கிறது, முழங்கால் நடுங்கும்.

அவன் பழக ஆரம்பித்தான்.

ரோஷினி ஒருநாள் போனபோது சோபாவில் உட்கார்ந்திருந்தானாம். டிவி ஓடவில்லை. ரக்ஷனா அவன் மடியில் ஏறி, கன்னத்தைக் கிள்ளி, காதில் கத்திக்கொண்டிருக்கிறாள். அவன் இமைகூடக் கொட்டவில்லை. பிள்ளை பசியோடு இருந்தது. பிஸ்கட் டின் காலி. ரோஷினிக்கு வந்த கோபத்தில் அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"இருக்கிற பிள்ளையப் பாரு, அண்ணா. அண்ணி போய்ட்டாங்க லா."

அவன் கேமராவைத் திறந்து காட்டினான். ஒவ்வொரு படமாக. புகை மெல்ல மெல்லக் கெட்டியாகிக்கொண்டே வந்தது. முதலில் கால். பிறகு சட்டை. கடைசிப் படத்தில் முகம் மட்டும்தான் பாக்கி.

"இன்னும் கொஞ்சம்தான், ரோஷி. ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே ஒரு போட்டோ. அப்புறம் வந்துடுறேன்," என்றான்.

அவள் ஒத்துக்கொண்டாள். வேறு என்ன செய்வாள்? சனிக்கிழமை கார் எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டு வந்தாள். அன்றைக்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் புலம்புவாள்.

சனிக்கிழமை. அதே ஏழு மணி. லிப்ட் ஒன்பதாவது மாடியில் திறந்தது. காரிடாரில் முக்காலி, கேமரா, கறுப்புக் கண்ணாடி. தூரத்தில் ஸ்ரீராம் நிற்கிறான். கல்யாணச் சட்டை போட்டிருக்கிறான், இஸ்திரி போட்டது. பக்கத்தில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டிருக்கிறான். வாசலில் ரக்ஷனா, பள்ளிப் பையோடு, ஷூ போட்டுத் தயாராக.

கூப்பிட்டாள். அவன் கண்கூடத் திரும்பவில்லை. படம் முடியட்டும் என்று நின்றாள். அந்த பிளாக்கில் ஒரு சத்தமும் இல்லை. கேமராவில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவன் மூச்சு விடுகிறானா என்று பார்த்தாள். தெரியவில்லை.

டக்.

ஷட்டர் மூடியது. அதற்குப் பிறகுதான் அவன் விழுந்தான். கையை ஊன்றவில்லை, முழங்காலை மடக்கவில்லை. நின்றபடியே சாய்ந்தான். ஆம்புலன்ஸில் வந்தவர் தொட்டுப் பார்த்துவிட்டு, எப்போது கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டாராம். இப்போதுதான் என்றதை அவர் நம்பவில்லை. உடம்பு விறைத்து வெகு நேரம் ஆகியிருந்தது. அப்படியானால் நாலு நிமிடத்துக்கு முன் ஷட்டரைத் திறந்தது யார்?

மண்டாயில் தகனம் முடிந்து, காரியமும் முடிந்தபின் ரோஷினி அந்தக் கேமராவை என்னிடம் கொண்டுவந்தாள். தனியாகப் பார்க்கத் தைரியம் இல்லை. இரண்டு பேருமாகத் திறந்தோம்.

கடைசிப் படத்தில் ஸ்ரீராம் முழுசாகப் பதிந்திருந்தான். சட்டை மடிப்பு, இமை முடி, உதட்டு வெடிப்பு, எல்லாம். பக்கத்தில் யாருமே இல்லை. வெறும் சுவர்.

எனக்கு ஆத்திரம் வந்தது. இதற்காகவா செத்தான்? ஆனாலும் அவள் ஒரேயடியாகப் போய்விட்டாள் என்று கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. பாவம், பிள்ளையாவது நிம்மதியாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

ரோஷினி அந்த வெறும் சுவரைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"நிக்கிறவங்கதான் இதுல தெரிவாங்க," என்றாள். "அண்ணி போகலை. நடக்க ஆரம்பிச்சுட்டாங்க."

அன்றைக்கு நான் அவளைத் திட்டினேன். துக்கத்தில் கண்டதையும் பேசாதே என்றேன்.

ரக்ஷனா இப்போது பூன் லேயில்தான் இருக்கிறாள். ஒரு இடத்தில் நிற்க மாட்டாள். சோறு ஊட்டினால் வீட்டைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டே வாங்கிக்கொள்வாள். வகுப்பில் உட்கார மாட்டேன் என்கிறாள் என்று டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார். டாக்டரிடமும் காட்டியாகிவிட்டது. போன மாதம் நான் போயிருந்தபோது, கொஞ்சம் உட்காரேன் கண்ணு, கால் வலிக்காதா என்று கேட்டேன். ஓடிக்கொண்டேதான் சொன்னாள்.

"நின்னா அம்மா வந்து பிடிச்சுடுவாங்க, ஆன்ட்டி."

பகலில் சரி. ஓடலாம். தூங்கும்போது என்ன செய்யும் அந்தப் பிள்ளை?

விளக்கைப் போட்டுவிட்டு, அவள் கட்டிலோரம் ரோஷினி உட்கார்ந்திருக்கிறாள். விடிய விடிய, கண் அசந்துவிடாமல், பிள்ளையின் காலைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருக்கிறாள்.