தப்பா ஓட்டினாத்தான் பேசுவா

— பெரியவரு எதிர்ல நிக்கிறாரு! மேல தூக்குங்க! பெரியவரு எதிர்ல நிக்கிறாரு! மேல தூக்குங்க!

— அப்பா! இது... இது அம்மா குரல்!

— கத்தாதே கம்ஷாத். கம்பைப் பின்னால இழு. திரையில மலை வருது பாரு. இன்னும் இழு! ம்... தப்பிச்சோம்.

— கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள்ள அம்மா எப்படிப்பா வந்தாங்க?

— விளையாட்டாம்ல! முப்பத்தொரு வருஷம் நான் இதே அல்மாட்டியில ஏத்தி இறக்கின விமானம்மா இது, ஒரு பொத்தான் விடாம அப்படியே இருக்கு. நெசமான விமானத்துல தரை எச்சரிக்கைன்னு ஒண்ணு உண்டு. கீழ தரை எவ்வளவு தூரம்னு சதா அளந்துக்கிட்டே இருக்கும். நாம தப்பு பண்ணினாத்தான் வாயைத் திறக்கும். இதுல எவனோ இங்கிலீஷ்காரன் பேசிக்கிட்டிருந்தான். என் அறுபதாவது பொறந்தநாளுக்கு உங்கம்மா அவனைத் துரத்திட்டு, எல்லாத்தையும் தானே பேசிப் பதிஞ்சு வெச்சா. "என்னைத் தவிர இன்னொருத்தன் உங்களை அதட்டுறதா?"ன்னு கேட்டா.

— அது யாரு பெரியவரு?

— மலைதான். உங்க தாத்தா தாவ்பாய் பேருலயே மலை இருக்கே, நம்ம பாஷையில தாவ்னா மலைதானே! மாமனார் பேரை மருமக சொல்லலாமா? அதனால மலையே அவளுக்குப் பெரியவராயிருச்சு. விமானம் முட்டப் போகுது, அப்பவும் மரியாதை!

— சிரிக்க வைக்காதீங்கப்பா. சிரிச்சா அழுதுருவேன்.

— எனக்குப் பழகிருச்சு. ஒழுங்கா ஓட்டினா ஒரு வார்த்தை பேச மாட்டா. ஒரு கீறல் இல்லாம வேலையை முடிச்சவன், இப்போ காலையில டீயைக் குடிச்சிட்டு உக்காந்து மலை மலையாத் தேடிப் போறேன். உங்க அத்தை வாசல்ல நின்னு பாத்துட்டு, அண்ணனுக்குப் புத்தி கலங்கிருச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டா.

— உங்ககிட்டயாவது பேசுறாங்க. எங்கிட்ட கடைசியாச் சொன்னது, "என் சாவுக்கும் வராதே." அதோட போனை வெச்சுட்டாங்க.

— நீ கொரியாவுல விசா இல்லாமக் கிடந்தே. கிளம்பினாத் திரும்பப் போக முடியாது. அது அவளுக்கும் தெரியும்.

— தெரிஞ்சா ஏன் போனை எடுக்கலை? நாலு மாசம் அடிச்சேன்பா! அவங்க மருந்துக்குத்தானே அங்க மீன் வெட்டிக்கிட்டு இருந்தேன்? அம்மா போய் வருஷமாச்சு, நாளைக்கு நினைவு விருந்துன்னு எல்லாத்தையும் விட்டுட்டு வந்து நிக்கிறேன். அடுப்படியில விருந்துக்குப் பவுர்சாக் ரொட்டி பொரிக்கிறவங்க ஒருத்தராவது என் முகத்தைப் பாக்குறாங்களா?

— அவங்க கிடக்குறாங்க.

— அம்மா எம்மேல கோவமாவே போயிட்டாங்களாப்பா? இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்.

— ஆறுதலுக்குச் சொல்லலாம். ஆனா எனக்குத் தெரியலைம்மா. உன் பேரை எடுத்தாலே சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவா.

— திரை மங்கலாத் தெரியுதுப்பா.

— கண்ணைத் துடை. ஓடுதளம் தெரியுது பாரு. மெதுவா இறங்கு. மூக்கை நேரா வெச்சுக்கோ.

— அவங்க பதிஞ்சது எல்லாத்தையும் கேட்டுட்டீங்களா?

— ஒண்ணு பாக்கி. கடைசி மாசம் படுக்கையில இருந்தே, பழசை அழிச்சிட்டுப் புதுசா ஒண்ணு பேசினா. என்னை வெளிய போகச் சொல்லிட்டா. "இது உங்களுக்கு வராது"ன்னா.

— எது?

— சக்கரத்தை இறக்காமத் தரைக்கு வந்தா வர்றது. நானும் இறக்காம வந்து கேட்டுடலாம்னு ஒரு வருஷமாப் பாக்குறேன். முடியலைம்மா. ஓடுதளத்தைக் கண்டதும் கை தானாப் போய் இறக்கிடுது. பழக்கம் அப்படி.

— அப்பா... நான் சக்கரம் எதையும் தொடவே இல்லையே.

— தொடலையா? அடிப்பாவி, தரை வந்துருச்சு! இந்தா, இந்தப் பிடியைக் கீழ அமுக்கு! சீக்கிரம்!

— கம்ஷாத், வந்துட்டியா? உங்கப்பாவுக்கு இது மறக்காது, மறந்தது நீதான். சக்கரத்தை இறக்கு கண்ணு. கம்ஷாத், வந்துட்டியா? உங்கப்பாவுக்கு இது மறக்காது...

— அம்மா! வந்துட்டேன்மா! அப்பா, எந்தப் பிடி? இதுவா? இறக்கிடுறேன்மா, இதோ...

— வேண்டாம், கையை எடு! விமானம் போனாப் போகட்டும். இறக்கினா உங்கம்மா பேச்சை நிறுத்திடுவா!