ரெண்டாம் வருசப் பீஸ்

கனகசபாபதி: பொது நிர்வாகமா? அப்படியும் ஒரு படிப்பு இருக்கா நாகையா?

நாகையா: இருக்கு அண்ணாச்சி. பி.ஏ. பொது நிர்வாகம். கவருமெண்டு எப்படி நடக்கு, திட்டத்தை யாரு போடுறாக, பட்ஜெட்டுப் பணம் எங்கன போகுது... எல்லாம் அதுல வருமாம்.

கனகசபாபதி: பட்ஜெட்டுப் பணம் எங்கன போகுதுன்னு படிக்க மூணு வருசமா? நம்ம பஜாருத் தரகனைக் கேட்டா ஒரு டீ குடிக்கதுக்குள்ள சொல்லிருவானே!

நாகையா: சிரிக்காதீக அண்ணாச்சி. வெலை சொல்லுங்க.

கனகசபாபதி: உளுந்துன்னா மூட்டையில குத்தூசி விட்டு உள்ளங்கையில கொட்டிப் பாப்பேன். மொளகா வத்தல்னா கிள்ளி மோந்து பாப்பேன். படிப்பை எங்கிட்டுக் குத்திப் பாக்க? காயிதத்துக்கு ஏதுப்பா எடை... முருகம்மா, நீ ஏன் தாயி வாசல்லயே நிக்க? புருசன் மட்டும் பேசணும், நீ நிக்கணும்னு நேர்த்திக்கடனா? உள்ள வந்து உக்காரு. கலர் குடிக்கியா?

முருகம்மாள்: வேண்டாம். இங்கனயே நிக்கேன். வத்தல் நெடி தாங்கல.

கனகசபாபதி: அதானா... கண்ணு செவந்திருக்கேன்னு பாத்தேன்.

நாகையா: அவளை விடுங்க. பாஸ் பண்ணிட்டு சர்வீஸ் கமிஷன் பரிச்சை எழுதினா தாலுகா ஆபீசுல உக்காரலாம். மாசம் எட்டாயிரம். அம்பத்தெட்டு வயசு மட்டுக்கும். பொறவு பென்சன்.

கனகசபாபதி: 'பாஸ் பண்ணா'... 'எழுதினா'... மழை பேஞ்சா பத்து மூட்டை வெளையும்னு, வெதைக்கிறதுக்கு முந்தியே வெலை பேச வாரவன் இந்தக் கடைக்குத் தெனம் ரெண்டு பேரு. அவனுக்கு நான் என்ன சொல்லி அனுப்புவேன்?

நாகையா: வெதைச்சாச்சு அண்ணாச்சி. மொத வருசம் எல்லாப் பேப்பரும் பாஸு.

கனகசபாபதி: பாதி வெட்டின கெணத்துக்குத் தண்ணி வெலை கேக்க. சரி, செலவைப் பாரு. வருசத்துக்குப் பீஸ் ஆயிரத்தி எண்ணூறு, மூணு வருசத்துக்கு அஞ்சாயிரத்தி நானூறு. பஸ்ஸுக்கு ஆயிரத்தி அறுநூறு. அது போக, பட்டாசுக் கம்பெனிக்குப் போயிருந்தா நாளைக்கு எழுவது ரூவா, வருசத்துக்கு முந்நூறு நாளு... மூணு வருசத்துக்கு அறுவத்தி மூவாயிரம் கூலி போச்சு. ஆகமொத்தம் எழுவதாயிரம் மொதல். கையில வாரது? ஒரு காயிதம்.

நாகையா: கணக்கு நாக்கு நுனியில நிக்கே அண்ணாச்சி... ஏற்கெனவே போட்டு வச்ச மாதிரி.

கனகசபாபதி: யாவாரி நாக்குப்பா. பொம்பளப் பிள்ளைக்கு பி.ஏ.ங்கிறது பத்திரிகையில பேருக்குப் பின்னால போட்டுக்க ஆகும். அதுவும் இனிமே...

நாகையா: சொல்லுங்க. ஏன் நிறுத்திட்டீக?

கனகசபாபதி: விடு.

நாகையா: போட்டேன் அண்ணாச்சி. கருமாதிப் பத்திரிகையில போட்டேன். சிவகாசியில அடிச்சோம். 'செல்வி நா. பானுப்பிரியா, பி.ஏ.'ன்னு. அச்சாபீசுக்காரன் அந்த ரெண்டு எழுத்தைக் கொஞ்சம் பெருசாவே போட்டுக் குடுத்தான்.

கனகசபாபதி: பாத்தேன்... எனக்கும் வந்துச்சு... சரி, நேராப் பேசுவோம். கம்பெனி மொதலாளி எனக்கு மச்சினன் மொறை. அதான் என்னையப் பேசச் சொன்னாரு. மருந்து ரூமு வெடிச்சது யாரும் வேணும்னு செஞ்சதில்ல. செத்த அஞ்சு பேருல நாலு வீட்டுல கையெழுத்து ஆகிருச்சு. தலைக்கு ஒரு லச்சம், கேஸ் கெடையாது. அச்சங்குளத்துலயே நீ ஒருத்தன்தான் முரண்டு பிடிக்க.

நாகையா: அவுக நாலு பேரும் தெனக்கூலிக்குப் போன ஆளுக. எம்மக காலேசுப் பிள்ளை. லீவுக்கு சீசன் வேலைன்னு போனவ.

கனகசபாபதி: மருந்துக்குத் தெரியுமா அது?

நாகையா: மருந்துக்குத் தெரியாது. மனுசனுக்குத் தெரியணும்ல? வக்கீல் சொன்னாரு... செத்த ஆளு உசுரோட இருந்தா என்ன சம்பாதிச்சிருக்கும்னு பாத்துத்தான் கோர்ட்டுல போடுவாகளாம். கூலின்னா எழுவது ரூவாக் கணக்கு. ஆபீசருன்னா ஆபீசர் கணக்கு.

கனகசபாபதி: வக்கீலு... அவரு படிப்புக்கு மட்டும் தப்பாம வெலை கெடைச்சிருது பாரு. இங்க வா. கையைக் குடு. துண்டுக்குள்ள ஒரு நம்பர் சொல்றேன். பிடிச்சா விரலை அமுக்கு, பிடிக்காட்டி கையை உருவிக்கோ.

நாகையா: இது என்ன மாட்டுச் சந்தையா? வாயால சொல்லுங்க.

கனகசபாபதி: வாயால சொன்னா மத்த நாலு வீட்டுக்கும் காது இருக்குப்பா... சரி. ஒண்ணேகால்.

நாகையா: அஞ்சு.

கனகசபாபதி: ஏலே, அஞ்சு பேருக்கும் சேத்தே அஞ்சுதான் ஒதுக்கியிருக்காரு!

நாகையா: அப்ப ஒண்ணேகால் எங்கிருந்து வந்துச்சு?

கனகசபாபதி: அது... நான் பாத்துக்கிடுதேன்.

நாகையா: இன்னும் கொஞ்சம் மடியில இருக்குன்னு தெரியுது. எடுங்க அண்ணாச்சி.

கனகசபாபதி: என்கிட்டயே யாவாரமா... சரி. படிச்ச பிள்ளைன்னு மொதலாளிகிட்ட நானே பேசுறேன். ஒண்ணரை. ரெண்டாம் வருசப் பீஸ் கட்டின ரசீதை மட்டும் எடு.

நாகையா: ரசீதா... மார்க்கு சீட்டு இருக்கு அண்ணாச்சி.

கனகசபாபதி: மொத வருச மார்க்கு சீட்டு எல்லார் வீட்லயும் கெடக்கும். இந்த வருசத்து ரசீது வேணும்.

நாகையா: எரிஞ்சு போச்சு.

கனகசபாபதி: எங்கன?

நாகையா: கம்பெனியில. அவ பையில இருந்துச்சு.

கனகசபாபதி: மருந்து கலக்கப் போற பிள்ளை காலேசு ரசீதைக் கொண்டு போனாளா? தூக்குவாளிக்குள்ள வச்சா, சோத்து மேலயா?

நாகையா: பையிலன்னு சொன்னேன்ல...

கனகசபாபதி: நாகையா. எடை கூடணும்னு வத்தல்ல தண்ணி தெளிச்சுக் கொண்டாரவன் மொகத்தை முப்பது வருசமாப் பாக்கேன். மூட்டையை அவுக்கவே வேண்டாம்... அவ மொத வருசத்தோட நின்னுட்டா. ஒரு வருசமா தெனக்கூலிதான். கம்பெனிக் கூலிப் பதிவேட்டுல கைநாட்டு இல்ல, கையெழுத்தே போட்டிருக்கா. அம்புட்டுத்தான் வித்தியாசம்.

நாகையா: அவ நின்னது... உங்களுக்கு யாரு சொன்னா?

கனகசபாபதி: யாரு சொன்னா என்ன?

முருகம்மாள்: அவ நின்னது எப்படித் தெரியும்னு நான் சொல்லவா?

கனகசபாபதி: நீ சும்மா இரு தாயி. ஆம்பளைக பேசிக்கிட்டிருக்கோம்.

முருகம்மாள்: இந்தாங்க. இதை அந்தத் தராசுல வைங்க.

கனகசபாபதி: என்னது... கம்மலு. இது மூட்டை நிறுக்கிற தராசு தாயி, இதுல பொன்னு முள்ளை அசைக்காது... ஒத்தையால்ல இருக்கு? சோடி எங்க? ஏன் இப்படிக் கருகி...

முருகம்மாள்: போன வருசம் இதே கடைக்கு, இதே படிப்புக்கு வெலை கேட்டு இவரு வந்தாரு. ரெண்டாம் வருசப் பீஸு ஆயிரத்தி எண்ணூறும் மடியில இருந்துச்சு. 'அப்படியும் ஒரு படிப்பு இருக்கா'ன்னு அன்னைக்கும் கேட்டீகளாம். இதே எழுவதாயிரத்தைக் கூட்டிக் காட்டிட்டு, 'காயிதத்துல போடாத நாகையா, காதுல ஒரு கம்மலை எடுத்துப் போட்டுக் கம்பெனிக்கு அனுப்பு, பொன்னு ஒருநாளும் கைவிடாது'ன்னு சொல்லி விட்டீக. உங்க பேச்சைத் தட்டல. ஆசுபத்திரியில அஞ்சும் கரிக்கட்டையா ஒண்ணு போலக் கெடந்துச்சு. ஒரு பக்கத்துக் காதுதான் மிச்சம். நீங்க சொன்ன மாதிரியே பொன்னு கைவிடல அண்ணாச்சி... இதை வச்சுத்தான் எது எம்பிள்ளைன்னு கை காமிச்சேன்.