ஹெட்போனுக்கு வெளியே

— கோச்சுக்காதீங்க ஜோதிக்கா. உங்க வீணையை நீங்களே திருப்பி வாங்கிக்கணும். அதைச் சொல்லத்தான் பாலக்கரையிலேருந்து இந்த வெயில்ல வந்தேன்.

— என்னடி அல்ஷிஃபா, எடுத்துட்டுப் போயி ஒரு வாரம்கூட ஆகல. ரெக்கார்டிங்குக்கு மர வீணைதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னது யாரு?

— நான்தான். ஆனா சத்தமே வரலையேக்கா! புதுத் தந்தி போட்டேன், தந்தியைத் தாங்குற குதிரையைச் சரி பண்ணினேன். மீட்டினா பலகையில தட்டுற மாதிரி இருக்கு. எங்கம்மா, ‘இதை வாசிக்கப் போறியா, அடுப்புல வைக்கப் போறியா’ங்கிறாங்க.

— அப்பாடா.

— என்ன அப்பாடா?

— ஊமையாயிடுச்சுல்ல? நல்லது. இங்க இருந்தப்ப அது சும்மா இருக்கல.

— புரியலையே.

— சொன்னா சிரிப்ப. இந்தத் தில்லை நகர் ஃபிளாட்டுக்கு வந்ததுலேருந்து நான் எலக்ட்ரானிக் வீணைதான். ஹெட்போனை மாட்டிக்கிட்டா யாருக்கும் தொந்தரவில்லை. மர வீணையைத் தந்தி தளர்த்தி, உறை போட்டு, உள் ரூம்ல சாத்திட்டேன். நான் இங்க வாசிக்க உக்காந்தா அங்க அது பாடுதுன்னாரு அவரு.

— பீமராவ் அண்ணனா? தளர்த்தின தந்தி எப்படிக்கா பேசும்?

— நானும் அதையேதான் கேட்டேன். ‘நீ காதை அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்க, எனக்குத்தானே கேக்குது’ன்னாரு. யாரோ அழற மாதிரி இருக்காம். தாங்க முடியலன்னு ஸ்ரீரங்கத்துல அவங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டாரு.

— அதனாலதான் எனக்குத் தூக்கிக் குடுத்தீங்களா! நான் என்னமோ என் வாசிப்பு புடிச்சுப்போயிக் குடுத்தீங்கன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருக்கேன்.

— உன் வாசிப்பும்தான்டி. ஆனா அவரு திரும்பி வரணும்ல? எனக்கு வேற யாரு இருக்கா? வீணை போயிடுச்சு, வாங்கன்னேன். வந்தாரு.

— அப்புறம்?

— மறுநாள் வாசிச்சு முடிச்சு நிமிர்ந்து பாக்குறேன், பையோட வாசல்ல நிக்கிறாரு. ‘ஜோதி, அது இன்னும் போகல’ங்கிறாரு. இல்லாத வீணை பாடுதாம்! என்னை விட்டுப் போக ஒரு சாக்கு. நேராவே சொல்லியிருக்கலாம்.

— சீ, அண்ணன் அப்படிப்பட்டவரு இல்லக்கா.

— நீயா அவரோட குடும்பம் நடத்தின?

— சரி, விடுங்க. ஒண்ணு கேக்கட்டுமா? மர வீணையை விட்டதுல உங்களுக்கு வருத்தமே இல்லையா? எனக்கெல்லாம் வீணைக் குடம் தொடையில அதிரலேன்னா வாசிச்ச மாதிரியே இருக்காது.

— உண்மையைச் சொல்லவா? அந்த அதிர்வுதான் எனக்குப் பயம். நான் எதை வாசிச்சாலும் அது கூட ஒண்ணைச் சேத்துச் சொல்லிடும். காலையில அவர்கிட்ட முழுங்கின கோவம், யார்கிட்டயும் சொல்லாத வெறுப்பு... எதிர்ல இருக்கவங்களுக்குத் தெரிஞ்சுடுமோன்னு கூசும். இந்த எலக்ட்ரானிக்ல அந்தக் கூச்சம் இல்லை. என் மனசு எனக்குள்ளேயே கிடக்கும்.

— எங்கே, வாசிங்க பாப்போம்.

— உனக்குக் கேக்காதுடி.

— விரலையாவது பாக்குறேன். மாட்டுங்க.

— இரு, சுருதி சேத்துக்கறேன்... ம்.

— அக்கா.

— ...

— அக்கா! நிறுத்துங்க.

— ஏன்டி தோளைப் புடிச்சு உலுக்குற? இப்பதான் ஆரம்பிச்சேன். சரி, கழட்டிட்டேன், சொல்லு. முகம் ஏன் இப்படி வெளுத்துப்போச்சு?

— உள் ரூமைத் திறந்து பாக்கட்டுமா?

— தாராளமாப் பாரு. ஒரு பாயும் ரெண்டு பெட்டியும்தான்.

— நீங்க எந்திரிக்காதீங்க, அங்கேயே இருங்க... இல்ல, இங்க சுத்தமாக் கேக்கல. ஹாலுக்கு வந்தாத்தான் கேக்குது.

— என்ன கேக்குது? நான் வாசிக்கிறதை நிறுத்தியாச்சு. பாரு, ஸ்விட்சையும் அணைச்சுட்டேன்.

— வீணை அழற மாதிரி ஒரு சத்தம், அது நிக்கல. அக்கா, கொஞ்சம் திரும்புங்க. உங்க முதுகுல காதை வெச்சுப் பாக்குறேன்.

— அல்ஷிஃபா, விளையாடாத.

— யா அல்லா... அண்ணன் பொய் சொல்லல. உங்க விலாவுக்குள்ள தந்தி அதிருதுக்கா.