பக்கத்து சீட்

மச்சான்: நில்லுங்க மாப்ளே, நில்லுங்க. எந்த ஸ்பிரிங்கை கழட்டணும்?

மாப்பிள்ளை: நாலையும்.

மச்சான்: நாலையும் கழட்டிட்டு…

மாப்பிள்ளை: சாதா ஸ்பிரிங் போட்டுருங்க. கார் புதுசா வந்தப்ப மெத்துனு இருந்துச்சே, அது மாதிரி. டயரும் கொஞ்சம் தடிமனா.

மச்சான்: எனக்கு காது நல்லாத்தான் கேக்குதா? மூணு வருஷம் முன்னாடி இதே ஷெட்ல, இதே இடத்துல நின்னுக்கிட்டு என்ன சொன்னீங்க?

மாப்பிள்ளை: அதெல்லாம் இப்ப எதுக்கு…

மச்சான்: “வண்டின்னா தரையோட ஒட்டி ஓடணும் மச்சான், மெத்தைல படுத்துத் தூங்கவா வண்டி வாங்கறோம்”னீங்க. குட்டையா, கெட்டியா, சிவப்பு பெயின்ட் அடிச்ச ஸ்பிரிங்கை எங்கேருந்தோ வரவழைச்சீங்க. ரெண்டு நாள் என் தலைமேலயே நின்னு மாட்ட வெச்சீங்க. தினம் வேலைக்குப் போற வண்டிக்கு இது எதுக்குன்னு அப்பவே கேட்டேன்.

மாப்பிள்ளை: கேட்டீங்க.

மச்சான்: தங்கச்சி புருஷனாச்சேன்னு வாயை மூடிக்கிட்டேன்.

மாப்பிள்ளை: நீங்க வாயை மூடினதா எனக்கு ஞாபகம் இல்ல.

மச்சான்: சரி, இருங்க, அந்த ஸ்டூலை இப்படி இழுங்க. நின்னுக்கிட்டு பேச முடியல. வலது குதிகால் குத்துது.

மாப்பிள்ளை: என்னாச்சு?

மச்சான்: என்னமோ, நாலு மாசமா. வயசாகுதில்ல. நீங்க சொல்லுங்க, திடீர்னு என்ன ஞானோதயம்?

மாப்பிள்ளை: இடுப்பு வலி.

மச்சான்: யாருக்கு?

மாப்பிள்ளை: எனக்குத்தான். பள்ளம் மேடு ஏறினா சுளீர்னு இழுக்குது. இதோ, இந்த இடது பக்கம்.

மச்சான்: ம்… டாக்டர்கிட்ட காட்டினீங்களா?

மாப்பிள்ளை: காட்டணும். உங்க கைவேலைய நான் குறை சொல்லல மச்சான். ஆறு மாசம் முன்னாடி சர்வீஸ் பண்ணிக் குடுத்தீங்களே, அதுலேருந்து வண்டி இன்னும் கத்தி மாதிரி திரும்புது.

மச்சான்: திரும்புதா?

மாப்பிள்ளை: கத்தி மாதிரி.

மச்சான்: சரி… எந்தப் பக்கம் வலின்னீங்க?

மாப்பிள்ளை: வலது பக்கம்.

மச்சான்: இப்பதான் இடதுன்னீங்க.

மாப்பிள்ளை: மாறி மாறி வருது.

மச்சான்: வலிக்கும் ஷிப்ட் டூட்டி போல. தங்கச்சி எப்படி இருக்கா?

மாப்பிள்ளை: நல்லா இருக்கா. அவ ஆபீஸுக்கு இப்ப பஸ்ஸுல போறா.

மச்சான்: அப்படியா?

மாப்பிள்ளை: வசதியா இருக்காம். ஒன்பது மணி ஆபீஸுக்கு ஏழு மணிக்கே கெளம்பிடறா. அரை மணி நேரத்து வழி. ஏன் இவ்வளவு சீக்கிரம்னு கேட்டா, பஸ்ஸை நம்ப முடியாதுங்கறா.

மச்சான்: நம்ப முடியாதுதான். சாவியக் குடுங்க, ஒரு சுத்து போய்ட்டு வருவோம். ஓட்டிப் பாக்காம எதையும் கழட்ட மாட்டேன்.

மாப்பிள்ளை: நானே ஓட்டறேனே.

மச்சான்: வலிக்குதுன்னீங்களே. அந்தப் பக்கம் ஏறுங்க.

மாப்பிள்ளை: இந்தப் பக்கமா… நான் இங்க உக்காந்ததே இல்ல மச்சான்.

மச்சான்: உங்க வண்டி, உங்க சீட்டு. வெக்கப்படாம உக்காருங்க. பெல்ட்டு.

மாப்பிள்ளை: சீட்டை இவ்ளோ பின்னாடி தள்ளி வெச்சிருக்காளே.

மச்சான்: முன்னாடி இருக்கறதுலேருந்து தள்ளி இருக்கணும்னு நெனச்சிருப்பா. போவோமா?

மாப்பிள்ளை: போங்க… மெதுவா, முக்குல ஆள் நிக்கறாங்க.

மச்சான்: பாத்துட்டேன்.

மாப்பிள்ளை: முன்னாடி லாரி.

மச்சான்: தெரியுது.

மாப்பிள்ளை: தெரிஞ்சா சரி… இவ்ளோ கிட்டப் போகணுமா?

மச்சான்: நீங்க இப்படித்தான் போவீங்க. பின் சீட்ல உக்காந்து பாத்திருக்கேனே. லாரிக்காரன் சட்டை பித்தானை எண்ணிட்டுத்தான் ஒதுங்குவீங்க.

மாப்பிள்ளை: மச்சான், ஸ்பீட் பிரேக்கர்… ஸ்பீட் பிரேக்கர்… அய்யோ.

மச்சான்: இடுப்பு இருக்கா?

மாப்பிள்ளை: பாத்தீங்களா, இந்தக் குலுக்கலுக்குத்தான் சொன்னேன். எல்லாம் இந்த ஸ்பிரிங்கால.

மச்சான்: ஸ்பிரிங்காலயா? இருங்க, பாலத்து வளைவுல திருப்பறேன். கைப்பிடிய புடிச்சுக்கங்க.

மாப்பிள்ளை: கைப்பிடி ஆடுதே. ஸ்குரூ லூசா இருக்கு. இது எப்ப ஆச்சு?

மச்சான்: புடிக்கப் புடிக்க ஆயிருக்கும்.

மாப்பிள்ளை: கொஞ்சம் பிரேக் போடுங்களேன்.

மச்சான்: போடுவேன். கடைசில போடுவேன். உங்க ஸ்டைலு.

மாப்பிள்ளை: மச்சான் போதும், ஓரமா நிறுத்துங்க… என் கால் எதுலயோ மாட்டிக்கிச்சு.

மச்சான்: எதுல?

மாப்பிள்ளை: கால் மேட்ல. ஓட்டை விழுந்திருக்கு. ரப்பர் தேஞ்சு அடியில தகரமே தெரியுது. எலி கடிச்சிருக்கும்.

மச்சான்: எலியா? எந்த எடத்துல?

மாப்பிள்ளை: சரியா… வலது குதிகாலுக்குக் கீழ.

மச்சான்: அளவெடுத்துக் கடிச்சிருக்கு. இப்ப லாரிக்கிட்ட போனப்ப உங்க வலது கால் என்ன பண்ணிச்சு?

மாப்பிள்ளை: அழுத்துச்சு.

மச்சான்: எதை?

மாப்பிள்ளை: பிரேக்கை.

மச்சான்: அந்தப் பக்கம் பிரேக் இருக்கா?

மாப்பிள்ளை: இல்ல.

மச்சான்: என் காலுக்குக் கீழ உங்க மேட் இருக்கு, பாருங்க. வாங்கின அன்னைக்கு இருந்த மாதிரியே இருக்கு. மூணு வருஷமா இந்த வண்டில பிரேக் போட்டதெல்லாம் அவதான் மாப்ளே. இல்லாத பிரேக்கை. ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டு விடறீங்க. கடைக்கு வர்ற ஒவ்வொருத்தரையும் உக்கார வெச்சு, இந்த எழுத்து தெரியுதா, அந்த எழுத்து தெரியுதான்னு கேக்கறீங்க. பக்கத்து சீட்டு மட்டும் தெரியல.

மாப்பிள்ளை: வலி எனக்கு இல்ல மச்சான்.

மச்சான்: அது நீங்க இடதை வலதுன்னு மாத்தினப்பவே தெரியும்.

மாப்பிள்ளை: அவதான் ஒரு தடவை இடுப்பு வலிக்குதுன்னா. அதனாலதான் பஸ்ஸுல போறாளோன்னு… ஸ்பிரிங்கை மாத்திட்டா திரும்ப ஏறிடுவான்னு நெனச்சேன். உங்க தங்கச்சி என்கூட வர மாட்டேங்கறான்னு உங்ககிட்டயே வந்து எப்படிச் சொல்றது?

மச்சான்: இடுப்பு வலின்னு எப்ப சொன்னா?

மாப்பிள்ளை: அது… முன்னாடி. ரொம்ப முன்னாடி.

மச்சான்: பஸ் எப்ப ஆரம்பிச்சா?

மாப்பிள்ளை: நாலு மாசம் இருக்கும்.

மச்சான்: அன்னைக்கு என்ன நடந்துச்சு?

மாப்பிள்ளை: ஒண்ணும் நடக்கல.

மச்சான்: ஒண்ணும் நடக்காததைச் சொல்லுங்க.

மாப்பிள்ளை: மழை பேஞ்சு விட்டிருந்துச்சு. இதே பாலம். ஒரு லாரிய முந்தினேன். பின் சக்கரம் லேசா வழுக்கிட்டு… உடனே புடிச்சுக்கிச்சு. அவ்ளோதான். சத்தியமா அவ்ளோதான்.

மச்சான்: அவ என்ன சொன்னா?

மாப்பிள்ளை: ஒண்ணும் சொல்லல. நான்தான் சொன்னேன்.

மச்சான்: என்னன்னு?

மாப்பிள்ளை: “பாத்தியா, வண்டி எப்படி புடிச்சுதுன்னு.” சிரிச்சுக்கிட்டே சொன்னேன்.

மச்சான்: ம்.

மாப்பிள்ளை: கொஞ்ச தூரம் போனதும், ஒரு சாமான் வாங்கணும், கடைப் பக்கம் நிறுத்துங்கன்னா. நிறுத்தினேன். உள்ள போனா. இருபது நிமிஷம் வெளியவே உக்காந்திருந்தேன். அப்புறம் போன் வந்துச்சு. “பின்வாசல் வழியா வந்தேன், எதுத்தாப்புல பஸ் நின்னுச்சு, ஏறிட்டேன், நீங்க போங்க”ன்னா. சாயங்காலம் வீட்டுக்கு வந்தா சண்டை கிண்டை எதுவும் இல்ல. எப்பவும் போல தட்டைக் கழுவி வெச்சுட்டு படுத்துட்டா. மறுநாளும் பஸ்ஸு.

மச்சான்: நீங்க கேக்கலையா?

மாப்பிள்ளை: கேட்டா பதில் சொல்லிடுவாளேன்னு பயமா இருந்துச்சு.

மச்சான்: அது சரி.

மாப்பிள்ளை: தனியா ஓட்டறது நல்லாவே இல்ல மச்சான். முன்னெல்லாம் ஏறி கதவைச் சாத்தினதும் ஆபீஸ் கதைய ஆரம்பிச்சுடுவா. மேனேஜர் தும்மினதைக்கூட நடிச்சுக் காட்டுவா. இப்ப ரேடியோதான் பேசுது.

மச்சான்: பாலத்துல வழுக்கறதுக்கு முந்தின மாசம் கதை சொன்னாளா?

மாப்பிள்ளை: சொல்லுவாளே… இல்ல. அப்பவே நிறுத்திட்டா.

மச்சான்: ஏன்?

மாப்பிள்ளை: வளைவுல பேசாத, கவனம் சிதறுதுன்னு நான்தான் சொல்லுவேன்.

மச்சான்: உங்களுக்கு எல்லா ரோடும் வளைவுதானே… சரி, நேரா உக்காருங்க. இதே ரோட்டுல திரும்பிப் போறோம். இப்ப என் ஸ்டைல்ல.

மாப்பிள்ளை: லாரி முன்னாடி போகுது, விட்டுட்டீங்க.

மச்சான்: போகட்டும். அவன் வீட்டுக்கு அவன் போறான்.

மாப்பிள்ளை: பின்னாடி ஹாரன் அடிக்கறான்.

மச்சான்: அடிக்கட்டும், அவன் ஹாரன்தானே தேயுது.

மாப்பிள்ளை: ஸ்பீட் பிரேக்கர் வருது…

மச்சான்: வந்துட்டுப் போயிடுச்சு.

மாப்பிள்ளை: எப்ப?

மச்சான்: இப்பதான். குலுங்கலையா?

மாப்பிள்ளை: இல்லையே. தொட்டில் மாதிரி இறங்கிச்சு. இந்தக் கட்டை ஸ்பிரிங்குல எப்படி மச்சான்?

மச்சான்: ஷெட் வந்தாச்சு, இறங்குங்க. அந்த மூலைல பழைய டயர் அடுக்கி இருக்கில்ல, அதுக்குப் பின்னாடி ஒரு சாக்கு கிடக்கும். பிரிச்சுப் பாருங்க.

மாப்பிள்ளை: கனமா இருக்கு… என்ன இது… மச்சான், இது என் சிவப்பு ஸ்பிரிங்கு.

மச்சான்: நாலும் இருக்கா, எண்ணிக்கங்க.

மாப்பிள்ளை: அப்ப வண்டில இருக்கறது?

மச்சான்: மெத்துனு இருக்கற சாதா ஸ்பிரிங்கு. ஆறு மாசமாச்சு. அந்த சர்வீஸ் அன்னைக்கே அவ இங்க வந்து நின்னா. “அண்ணா, அவர்கிட்ட சொல்லாம மாத்திக் குடு, சொன்னா மனசு கஷ்டப்படுவார்”னா. மாத்திக் குடுத்தேன்.

மாப்பிள்ளை: ஆறு மாசமாவா?

மச்சான்: வண்டி லேசா உசந்த மாதிரி இருக்கேன்னு அன்னைக்கு கேட்டீங்க. கழுவி விட்டிருக்கேன், அப்படித்தான் தெரியும்னேன். சரின்னு போயிட்டீங்க.

மாப்பிள்ளை: கத்தி மாதிரி…

மச்சான்: கத்தி மாதிரி திரும்புதுன்னீங்க. நான் சிரிப்பை அடக்கினது எனக்குத்தான் தெரியும்.

மாப்பிள்ளை: அவமானமா இருக்கு மச்சான்.

மச்சான்: அதுல என்ன இருக்கு? சொகுசா போனாலும் உங்களுக்கு வேகமாத்தான் தெரிஞ்சிருக்கு. அப்ப எதுக்கு அந்தக் கட்டை ஸ்பிரிங்கு?

மாப்பிள்ளை: மெத்துனு மாத்தின அப்புறமும் அவ இறங்கிட்டாளே.

மச்சான்: ஸ்பிரிங்கை மாத்தினேன். ஓட்டறவரை எந்த ஸ்பேனர் வெச்சு கழட்டறது?

மாப்பிள்ளை: இனிமே மெதுவா ஓட்டறேன். இன்னைக்கே அவகிட்ட சொல்றேன்… ஏறுவாளா?

மச்சான்: அந்தப் பக்கம் ஏற மாட்டா.

மாப்பிள்ளை: நீங்க சொன்னாக்கூட?

மச்சான்: யார் சொன்னாலும். அந்த சீட்ல இனி உக்கார மாட்டேன்னு என்கிட்டயே சொல்லிட்டா.

மாப்பிள்ளை: சரி… கேக்க எனக்கும் வாய் இல்ல. அந்த மேட்டையாவது மாத்திருங்க மச்சான். ஒவ்வொரு தடவையும் அந்த ஓட்டையப் பாத்துக்கிட்டு என்னால ஓட்ட முடியாது.

மச்சான்: மேட் இருக்கட்டும் மாப்ளே, மாத்த வேணாம்னு அவதான் என்கிட்ட சொல்லி வெச்சிருக்கா. நாலு மாசமா தினம் அவ போன ஏழு மணி பஸ்ஸு என் ஷெட்டு வண்டிதான். அதை ஓட்டிப் பழகினது அவ, பக்கத்துல உக்காந்து இல்லாத பிரேக்கை மிதிச்சு குதிகாலை ஒடைச்சுக்கிட்டது நான். போன வாரம் லைசன்ஸ் வாங்கிட்டா. நாளைலேருந்து இந்த வண்டிய அவதான் ஓட்டறா. அந்த ஓட்டை இனி உங்க குதிகாலுக்கு வேணும்.