பத்தாம் நாள் மோர்

பெரியநாயக்கன்பாளையம் போகும் டவுன் பஸ். மில் வேலை முடிந்த இரண்டு பெண்கள் என் முன் சீட்டில் இருந்தார்கள். மூத்தவர் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்தபடி சொன்னார்.

"இந்த வாட்டியும் பீரு புளிச்சுப்போச்சு கண்ணு."

"ஊட்டுக்காரரு இன்னுமா ஊட்லயே பீரு செய்யறாருங்கக்கா?"

"பெங்களூர்ல இருந்து என்ற தம்பி பீரு செய்யற கிட்டுப் பெட்டி அனுப்பறான்ல. அதுல இருக்கற பாகக் கரைச்சு, ஈஸ்ட்டப் போட்டு, பக்கெட்ட மூடிவெச்சா ரெண்டு வாரம் தொறக்கக்கூடாதாம். மூணு வாட்டியும் புளிச்சுப்போச்சு."

"ஏனுங்கக்கா அப்படி?"

"பத்தாம் நாளு அவரு வேலைக்குப் போனதும், நாந்தான் மூடியத் தொறந்து ஒரு டம்ளர் மோர ஊத்திப்போடறேன்."

இளையவர் வாயைப் பொத்திக்கொண்டார். மூத்தவர் சிரிக்கவில்லை.

"அது நொரைச்சுக்கிட்டு இருக்கற வரைக்கும் பக்கெட்டுகிட்டயே உக்காந்திருக்காரு. சாராயக் கடைப்பக்கமே போறதில்ல. புளிச்சாத்தான மறுபடியும் மொதல்ல இருந்து ஆரம்பிப்பாரு."

"பாவமுங்க அவரு."

"பாவந்தான். தன் கைராசியே சரியில்லன்னு நேத்து அழுவாத கொறை. 'விடுங்க, தம்பிகிட்டச் சொல்லி அடுத்த பெட்டிய நானே வாங்கித் தாரேன்'னு அவருகிட்டச் சொல்லிப்போட்டேன்."

துடியலூர் வரும் முன்பே அவர் தூங்கிவிட்டார்.